துளை போட்ட பந்து

எதிர்வீட்டுத் தணிகாசலம், என் கேட்டை மறித்து நிறுத்திய காருக்குள்ளேயே சாவியை வைத்துப் பூட்டிவிட்டார். "பழைய டென்னிஸ் பந்து இருக்காம்மா? துளை போட்டு, பூட்டு மேல வச்சு அமுக்குனா திறந்துக்குமாம்" என்றார். கொடுத்தேன். பந்தில் ஏற்கெனவே துளை இருந்தது. ஏன் என்று அவர் கேட்கவில்லை. அமுக்கி அமுக்கிப் பார்த்தார். பிறகு ஸ்கேல் கேட்டார், ஷூ கயிறு கேட்டார். எதற்கும் திறக்காது என்று எனக்குத் தெரியும்.

போன ஆடியில் இதே கார் இதே இடத்தில் நின்றது. இவர் வீடு பூட்டியிருந்தது, போனையும் எடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். கேட்டுக்கு உள்ளே, எங்கள் காரின் பின்சீட்டில் அப்பா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். இவர் காரைத் திறந்து தள்ளிவிடப் பந்து, ஸ்கேல், கயிறு எல்லாம் முயன்றுவிட்டு, கடைசியில் அம்மிக் குழவியைத் தூக்கினேன். "வேணாம்மா, அடுத்தவங்க வண்டி" என்றார் அப்பா. கீழே வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

"வேற ஏதாச்சும் இருக்காம்மா?" தணிகாசலம் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"இருக்கு சார்."

குழவி வாசல் கதவுக்குப் பின்னால்தான் இருந்தது, ஒரு வருஷமாக. இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க."