எழுதிக் கொடுத்தால் போதும்

"சம்பளம் இல்லாத லீவு போட்டா வேலை போயிடுமா சார்?"

ராஜவேலு வீட்டு வாசலில் தப்ரேஸ் செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் கேட்டான். கிருத்திகைக் கூட்டத்தில் ஆட்டோ எதுவும் நகரவில்லை. திருத்தணி ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்திருந்தான்.

ராஜவேலு சிரித்தார். அரக்கோணம் பக்கம் ராணுவ அலுவலகம் ஒன்றில், யூனிபார்ம் போடாத சிவிலியன் ஊழியர்களின் விடுப்பு ஃபைல்களை இருபத்திரண்டு வருடமாகப் பார்ப்பவர். தப்ரேஸ் அங்கேதான் ஸ்டோரில் வேலை செய்கிறான். விடுப்பு விதியெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

தப்ரேஸின் மனைவி மெஹ்னாஸுக்கு முதுகெலும்பில் ஆபரேஷன். மூன்று மாதம் படுக்கை. அவன் கணக்கில் ஒரு நாள் விடுப்பும் மிச்சமில்லை.

"பைத்தியக்காரா, வேலை எங்க போவுது? சம்பளம் வராது, அந்த மூணு மாசம் பென்ஷனுக்குச் சேராது, அவ்ளோதான். நீ எழுதிக் குடு, நான் மேல பேசி வாங்கித் தரேன்."

"ரூலை இப்ப மாத்திட்டாங்களா சார்?"

"எங்க மாத்துனாங்க? நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாலருந்து இதாம்பா ரூலு."

சொல்லி முடித்த பிறகுதான் பின்னால் டம்ளர்கள் உரசும் சத்தம் அவர் காதில் விழுந்தது.

மகள் சினேகா டீத் தட்டோடு நின்றிருந்தாள்.

போன வருடம் இதே அறையில், இதோ இந்தக் கட்டிலில் நோயில் கிடந்தபடி அவர் மனைவி நிர்மலா கேட்டாள். ரெண்டே மாசம் கூட இருங்களேன் என்று. புருஷனிடம் எதையும் கேட்டுப் பழகாதவள்.

விடுப்பெல்லாம் தீர்ந்துபோச்சு, சம்பளமில்லாமல் உட்கார்ந்தால் வேலையையே பிடுங்கிவிடுவார்கள், ரூல் அப்படி என்றார் ராஜவேலு.

அவள் முனகுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க அவருக்குத் தைரியமில்லை. காலையில் ரயிலேறிவிட்டால் சாயங்காலம் வரை தப்பித்தார். உண்மை அவ்வளவுதான்.

நிர்மலா நம்பினாள். அப்புறம் கேட்கவே இல்லை.

சினேகாவும் நம்பினாள். காலேஜை நிறுத்திவிட்டு அம்மாவைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், கடைசியில் அம்மாவின் கண்களை மூடிவிட்டவளும் அவள்தான். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், நைனா பாவம், அவர் என்ன பண்ணுவார், அவருக்கு லீவே கிடையாது என்று சொன்னாள்.

தெருவில் காவடி மேளம் நெருங்கி வந்து கடந்துபோனது.

ராஜவேலு மெல்லத் திரும்பினார். சினேகா அவரைப் பார்க்கவில்லை. தட்டைக் கட்டிலின் மேல் வைத்தாள். அவருடைய ஆபீஸ் பையைத் திறந்து வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து, தப்ரேஸின் முன்னால் வைத்தாள்.

"இப்பவே எழுதிக் குடுத்துடுங்கண்ணா. அண்ணி வாசலையே பாத்துகினு இருப்பாங்க."