தலைக்கு உரியவன்

ஆட்டுத்தலை வைத்த தட்டு உள்ளே வந்ததும், ஒரால்பெக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து மாமாவின் பக்கத்துவீட்டுத் தூய்செனுக்கு வழிவிட்டான்.

அப்பன் உயிரோடு இருக்கிறவன் ஆட்டுத்தலையில் கத்தி வைக்கக் கூடாது. கஜகஸ்தானின் தோர்காய் புல்வெளியில் இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இந்த மாமா வீட்டில் எப்போதும் தலையை வெட்டுவது தூய்சென்தான். ஒரால்பெக்கைவிடப் பத்து வயது இளையவன், ஆனால் அப்பா இல்லாதவன். ஐம்பத்துமூன்று வயதாகியும் நீ இன்னும் சின்னப்பிள்ளைதான் என்று கேலி வேறு செய்வான். ஒரால்பெக்குக்கு அந்தக் கேலி பிடிக்கும்.

அல்மாட்டியிலிருந்து இரண்டு நாளாகக் கார் ஓட்டி வருகிறான். படுத்த படுக்கையாகக் கிடக்கும் அப்பாவின் காதில் ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். நேற்று ராத்திரியிலிருந்து செல்போனில் சிக்னல் இல்லை. இன்னும் நாற்பது கிலோமீட்டர்தான். வழியில் கைகாட்டி நிறுத்திய மாமா, சாப்பிடாமல் போகக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றுவிட்டார்.

அப்பா ஆடு மேய்த்தவர். நம் பாட்டனுக்குப் பாட்டன் தலைக்கு என்ன சொல் வைத்திருந்தான், படித்தவன்தானே, கண்டுபிடி என்று ஒருநாள் விளையாட்டாகக் கேட்டார்.

இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய பேச்சு. எழுதிவைத்தவர் யாருமில்லை. அந்தப் பேச்சின் பேரப்பிள்ளை மொழிகளையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நாலு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு, தலைக்கு அன்று 'பல்ச்' என்ற சொல் என்று வந்து நின்றிருக்கிறான் ஒரால்பெக்.

இதற்கா நாலு வருஷம் என்று அப்பா சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் இந்த ஓட்டம்.

மாமா அத்தையிடமிருந்து தட்டை வாங்கினார். குனிந்து, ஆட்டின் முகம் ஒரால்பெக்கைப் பார்க்கும்படி அவன் முன்னால் வைத்தார்.

ஒரால்பெக் சிரித்தான். "மாமா, எனக்கு அப்பா இருக்காரு. மறந்துட்டீங்களா?"

தூய்சென் சிரிக்கவில்லை. அத்தை தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாமா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முறை தெரிந்த கை. வாய் சொல்வதற்குள் அது முந்திக்கொண்டுவிட்டது.

"விடியக்காலைல போயிட்டாருப்பா. நீ சாப்பிட்டப்புறம் சொல்லலாம்னு இருந்தோம்."

தூய்சென் கத்தியைப் பிடிப் பக்கமாக நீட்டினான்.

ஒரால்பெக் வாங்கிக்கொண்டான்.

முதல் வெட்டு எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியவில்லை. எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான், கவனித்ததில்லை. அதை அப்பாவிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான்.