டங்கன் நின்ற பாறை

"செத்துப்போன மனுஷனைப் பத்தி வாய் கூசாமப் புளுகுறியே லோவெல். நீ அவரைப் பார்த்ததே கிடையாது."

மீன்பிடி முகாமின் சமையல்காரி நோரீன் காபிக் குடுவையை அவன் கையில் திணித்தாள்.

லோவெல் குடுவையை வாங்கிக்கொண்டான். பல்க்லி ஆற்றில் இருபது வருஷமாகப் படகோட்டி, மீன் இருக்கும் இடம் காட்டிப் பிழைப்பவன். வெளியே படகருகே ஐரிஸ் காத்திருந்தாள்.

அறுபத்தைந்து வயது இருக்கும். நேற்று வந்து இறங்கியதும் ஒரு புகைப்படத்தை நீட்டினாள். தன் கணவர் டங்கன் பதினோரு வருஷமாக ஒவ்வொரு அக்டோபரும் இங்கேதான் மீன் பிடிக்க வந்தாராம். ஏப்ரலில் காலமாகிவிட்டார். அவர் நின்ற இடத்தில் தானும் ஒரு நாள் நிற்க வேண்டும் என்றாள்.

அந்த முகத்தை லோவெல் கண்டதே இல்லை. அந்த ஆள் பதினோரு வருஷமும் வேறெங்கோ போயிருக்கிறான் என்பது சட்டென்று புரிந்தது. ஆனால் அவள் படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டங்கனா? நல்லாத் தெரியுமே" என்று சொல்லிவிட்டான்.

அந்த ஒரு பொய்யைக் காப்பாற்ற, இன்று படகு போன வழியெல்லாம் இன்னும் பத்து சொல்ல வேண்டியிருந்தது. ஒரு வருஷம் டங்கன் வழுக்கி விழுந்து தொப்பி ஆற்றோடு போன கதையைச் சொன்னபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். வளைவில் ஒரு தட்டைப் பாறையைக் காட்டி, அதுதான் அவர் இடம் என்றான். ஐரிஸ் முழங்கால் தண்ணீரில் நின்று அந்தப் பாறையைத் தடவிப் பார்த்தாள்.

"என்னைப் பத்தி ஏதாவது பேசுவாரா?"

லோவெல் தண்ணீரைப் பார்த்தான். "சாயங்காலம் ஆனா உங்க பேச்சுதான். ஐரிஸையும் ஒரு தடவை கூட்டிட்டு வரணும்னு வருஷா வருஷம் சொல்வார்."

 அதன்பின் அவள் இறகு கட்டிய தூண்டிலை அவன் காட்டிய மாதிரியே வீசிக்கொண்டிருந்தாள். மூன்று மணிவாக்கில் கயிறு விறைத்தது. கடலுக்குப் போய்விட்டுத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வந்திருந்த ஸ்டீல்ஹெட் மீன். கால் மணி நேரம் இழுத்தது. கைக்கு வந்ததும் ஐரிஸ் அதைத் தண்ணீருக்குள்ளேயே ஏந்தி ஒரு கணம் வைத்திருந்தாள். பிறகு விட்டுவிட்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது.

லோவெலுக்கு மனசு தாளவில்லை. கரையேறியதும், "ஐரிஸ், உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும்" என்றான்.

"வேண்டாம்." அவன் தோளில் கை வைத்தாள். "அவர் எங்க போனார், யார்கூட இருந்தார்னு எனக்கு முதல் வருஷமே தெரியும். திரும்பி வர்றப்ப எல்லாம் மீன் கிடைச்சுதான்னு மட்டும் கேப்பேன். இன்னிக்குத்தான் லோவெல், அவர் நிஜமாவே மீன் பிடிக்க வந்தார்."