மொரிஸ் மைனர் தியாகம்

"ஓட்டோ கியர் கார் எண்டால் அது கார் இல்லைத் தம்பி. சக்கரம் பூட்டின கதிரை," என்று சொல்லிவிட்டு நாகேந்திரம் வாய்க்காலில் துப்பினார். ஆறடி உடம்பை வளைத்து, மனைவியின் பழைய சேலைத் துண்டால் மொரிஸ் மைனரின் பொனற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

காரை வாங்கவென்று கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்திருந்தான் பேர்னாட். காரைக் கண்டதுமே அவனுக்குப் பிடித்துப்போயிற்று. காரின் சொந்தக்காரரைத்தான் பிடிக்கவில்லை.

"இவ்வளவு ஆசையா வச்சிருக்கிறீங்க. பிறகு ஏன் சேர் விக்கிறீங்க?"

"நான் எங்க விக்கிறன்? மனுசியெல்லோ விக்கச் சொல்லி நிக்கிறா. முழங்கால் தேஞ்சு போச்சாம். இனியும் கிளச் மிதிச்சால் ஒப்பரேசன்தான் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டாராம். அவவுக்காக நான் மெனுவலை விட்டிட்டு, அந்த யப்பான் கதிரையில போகவேணுமாம்."

'மனுசி' என்ற சொல், பல்லில் அகப்பட்ட கல்லைப் போல அவர் வாயிலிருந்து வந்து விழுந்தது.

அவர் மனைவி அருந்ததி, தோளில் கைப்பை தொங்க, தேத்தண்ணித் தட்டோடு படியிறங்கி வந்தார். ஹெவ்லொக் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். இடது முழங்காலில் கட்டுப் போட்டிருந்தது. வலக்காலை வைத்து, இடக்காலை இழுத்து, ஒவ்வொரு படிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார்.

நாகேந்திரம் அசையவில்லை. பேர்னாட்தான் ஓடிப்போய்த் தட்டை வாங்கினான்.

"சீனி காணாது," என்றார் நாகேந்திரம், ஒரு வாய் குடித்துவிட்டு.

அருந்ததி படியிலேயே உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

"பொம்பிளையளுக்கு எங்க தம்பி கியரின்ர அருமை தெரியும்? கண்டி மலையில நாங்கள் ரெண்டாம் கியரில ஏறின ஏற்றத்தை நீர் பாத்திருக்கவேணும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நாள் முழுக்க இருக்கலாம்."

"இப்ப காலி வீதியில எங்க சேர் ரெண்டாம் கியர்? செக் பொயின்ற், செக் பொயின்றா நிண்டு நிண்டுதானே வாறம். வாகனம் ஒரு அடி நகரும், பிறகு கிளச். எனக்கே கால் உளையுது. அக்கா பாவம்தானே."

"செக் பொயின்ற் ஒரு பிரச்சினையே? ஆமிக்காரன் மறிச்சால் ரெண்டு பேரின்ர அடையாள அட்டையையும் நான்தான் நீட்டுறது. 'கோமத மல்லி' எண்டு சிங்களத்தில சுகம் விசாரிப்பன். அவன் சிரிச்சுக்கொண்டு போகச் சொல்லுவான். இவ வாயே திறக்கிறேல்லை. அதுக்குள்ள கால் நோகுதாம்."

பேர்னாட்டுக்கு அருவருத்தது. அவன் வீட்டில் மனைவி செலீனுக்குத் தலையிடி என்றால் அவனே சோறு வடித்து, கறியும் வைப்பான். இந்த மனுசனோ கட்டுப் போட்ட காலைப் பார்த்தபடி தகரத்தைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

வந்த வேலையை முடித்துக்கொண்டு போனால் போதும் என்று காருக்குள் ஏறினான். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடித்தன. சீற்றைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தான். துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. இதற்கு எண்ணெய் விட்டால் சரிவரும் என்று நினைத்துக்கொண்டு இறங்கினான்.

"சேர், நீங்களே ஒரு ரவுண்ட் ஓடிக் காட்டுங்க. கியர் மாறுற சத்தத்தை நான் வெளியில நிண்டு கேக்கோணும்."

நாகேந்திரத்தின் முகம் மாறியது. சேலைத் துண்டை மடித்தார், விரித்தார், திரும்பவும் மடித்தார்.

"வேண்டாம் தம்பி. விக்கப்போற காரில கை வைக்க மனம் வரேல்லை."

அந்த ஒரு கணம் பேர்னாட்டுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. இந்த மனுசனுக்கும் ஒரு நெஞ்சு இருக்கிறதே என்று நினைத்தான். அந்த நினைப்பு முடிவதற்குள் அவர் நிமிர்ந்து நின்றார்.

"நான் யோசிச்சிட்டன். விக்கேல்லை. ஒரு முழங்காலுக்காக மெனுவலை விட ஏலாது. ஒப்பரேசன் எண்டால் செய்யட்டும். கொஞ்ச நாளில எழும்பி நடப்பாதானே."

"அப்ப அக்காட கால்?"

"அது அவவின்ர கால்."

மிச்சத் தேத்தண்ணியை அந்த மனுசனின் முகத்தில் ஊற்றலாமா என்றுகூடப் பேர்னாட்டுக்குத் தோன்றியது. கோப்பையை மதிலில் வைத்துவிட்டு அவருக்கு முன்னால் போய் நின்றான்.

"சேர், நீங்க வயசுக்கு மூத்தவர். எண்டாலும் சொல்லுறன், இது சரியான அநியாயம். உங்களுக்கு மெனுவல்ல அவ்வளவு ஆசையெண்டா நீங்க ஓடிக்கொண்டு திரியுங்க. அக்காவ ஏன் அதுல ஏத்தி வதைக்கிறீங்க?"

நாகேந்திரம் குனிந்து பொனற்றைத் துடைக்கத் தொடங்கினார்.

அருந்ததி மதிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தோளில் கிடந்த கைப்பையைத் திறந்து கார்த் திறப்பை எடுத்தார். நொண்டி நொண்டி வந்து, புருசனைத் திரும்பியும் பார்க்காமல், அதைப் பேர்னாட்டின் உள்ளங்கையில் வைத்து அவன் விரல்களை மூடினார்.

"இவருக்குக் கார் ஓடத் தெரியாது தம்பி."