பம்பாய்ப் பெட்டியின் சத்தம்

"பெட்டி நல்லாத்தாம்ப்பா பாடுது. ஆனா ஓடாது," என்றார் பேயாண்டி.

மேலமாசி வீதியில் ரேடியோக் கடை வைத்திருப்பவர். அவர் ஓடாதென்றால் ஓடாதுதான்.

மலைச்சாமிக்கு முகம் விழுந்துவிட்டது. வில்லாபுரத்தில் வீட்டு முன்னறையிலேயே பலகை அறுத்து ஸ்பீக்கர் பெட்டி செய்கிறவன் அவன். மதுரையில் அவன் ஏறாத கடை பாக்கியில்லை. எல்லாரும் காது குளிரக் கேட்டார்கள். வாங்கத்தான் ஆளில்லை.

ஒருத்தர், "பேரே கேள்விப்படாத பெட்டியா இருக்கே," என்றார். இன்னொருத்தர் அதுக்கும் மேலே: "ரிப்பேரே வராதுங்குற. அப்புறம் எங்க மெக்கானிக்கு சோத்துக்கு என்ன பண்ணுவான்?"

கேட்டீர்களா நியாயத்தை! பேயாண்டியாவது அவனை உட்காரச் சொன்னார்.

"ஏண்ணே ஓடாது? பம்பாய்க் கம்பெனிப் பெட்டியில கால்வாசி விலைதானண்ணே!"

"அதாம்ப்பா வம்பு. விலை கம்மின்னாலே மட்டமான சாமான்னு நெனைப்பான் நம்மாளு. ஒன் பெட்டிய வித்தா எனக்கு டீச் செலவுக்குத்தான் தேறும். பம்பாய்ப் பெட்டிய வித்தா கடை வாடகையே கட்டிருவேன்."

பச்சையாகச் சொல்லிவிட்டார். மனுசனை என்ன சொல்ல?

"சரி, வந்ததுக்கு ஒரு ஜோடிய வச்சுட்டுப் போ. எவனாச்சும் கேட்டாக் காட்டுறேன்."

அதுவே பெரிசு என்று வைத்துவிட்டு வந்தான்.

ரெண்டு மாசம் ஓடிவிட்டது. கடையிலிருந்து ஒரு தாக்கல் தகவலும் இல்லை. மனைவி ராமக்காளும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"இம்புட்டு நாளு காத்துக் கெடந்தது போதும். பரவை மார்க்கெட்டுல எங்கண்ணன் காய்கறி எடை போட ஆள் தேடுது. ரம்பத்த வித்துட்டு அங்க போய்ச் சேருங்க."

"இன்னைக்கு ஒருக்காக் கேட்டுட்டு வந்துர்றேன். இல்லேன்னா நாளைக்கே பரவைக்குப் போறேன், போதுமா?"

கடைக்குள் காலை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

பூப்போட்ட துணி விரித்த மேசை. அதன் மேல் ஜம்மென்று ரெண்டு பம்பாய்ப் பெட்டி. கேசட்டில் நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது. அடடா, என்ன சத்தம்! தவில்காரர் விரல் தோலில் படுவதுகூடத் தனித்தனியாகக் கேட்டது.

எதிரே தல்லாகுளத்து வக்கீல் ஒருத்தர் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார்.

"இங்க பாடுது, சரி. இதே பெட்டியத்தானய்யா போன வாரம் வாங்கிட்டுப் போனேன்? வீட்டுல தகர டப்பாவத் தட்டுன மாதிரி இருக்கே!"

"ஒங்க ஹாலு சின்னதா இருக்கும் சார். நல்ல பெட்டி பாட எடம் வேணும்ல? பாட்டக் கேட்டுக்கிட்டே இருங்க, ஜில்லுன்னு ஒரு கலர் சோடா வாங்கிட்டு வாரேன்," என்று நழுவினார் பேயாண்டி. வாசலில் மலைச்சாமியைப் பார்த்ததும், "ஒன்னோடத ஒருத்தனும் கேக்கலப்பா. அப்புறமா வா," என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

மலைச்சாமி நகரவில்லை. பாட்டையே கேட்டுக்கொண்டு நின்றான்.

இனி யாரைக் குத்தம் சொல்லி என்ன பிரயோசனம்? இந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் நம்ம பெட்டி நிக்குமா? காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று நாமளே மெச்சிக்கொண்டு திரிந்திருக்கிறோம். ராமக்காள் சொன்னதுதான் சரி. ரம்பத்தை வித்துவிட வேண்டியதுதான்.

அந்நேரம் பேயாண்டியின் சம்சாரம் சின்னத்தாய் மதியச் சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வந்தாள்.

"என்ன தம்பி, மூஞ்சி இப்பிடி வாடிக் கெடக்கு?"

"ஒண்ணுமில்ல மதினி. விக்காமக் கெடக்குற என் பெட்டிய வாங்கிட்டுப் போயிரலாம்னு நிக்கிறேன். தொழிலயே விட்டுட்டேன்."

"அடப் பாவமே! அதுக்கு அவுக வர்ற வரைக்கும் எதுக்குக் கால் கடுக்க நிக்கணும்? ரெண்டும் இங்கனதான கெடக்கு. நேத்துக்கூட நாந்தேன் தூசி தட்டி வச்சேன். இருங்க, எடுத்துத் தாரேன்."

தூக்கை இறக்கி வைத்தாள். மேசையைச் சுற்றித் தரைவரைக்கும் தொங்கிய பூப்போட்ட துணியை விலக்கினாள். உள்ளே குனிந்து, மலைச்சாமியின் பெட்டிகளில் சொருகியிருந்த ஒயரை வெடுக்கென்று உருவினாள்.

நாதஸ்வரம் பட்டென்று நின்றது.