வேலியைத் தாண்டிய குரல்

விவசாய ஆராய்ச்சிப் பண்ணையில் புதிதாக நட்ட தானியங்கி வானிலைக் கருவி, பக்கத்திலிருந்த பழைய மழைமானியிடம் கேட்டது: "உன்னில் சேரும் மழையை யார் அளப்பார்கள்?"

"பிலோமினா அக்காதான் தினமும் காலையில வந்து அளப்பாங்க. எட்டரை மணி ஆனா இன்னிக்கும் அவங்க செருப்புச் சத்தத்தைத்தான் தேடறேன். வானம் கறுத்தா வேலியோரம் ஓடிப்போய், 'அண்ணே, இன்னைக்கு மருந்தடிக்காதீங்க! மழையில கரைஞ்சு நாம குடிக்கிற குளத்துக்குப் போயிரும்'னு கத்துவாங்க. பக்கத்து வயல்காரரும் ஸ்பிரேயரை இறக்கி வச்சிருவாரு. அவங்க ரிட்டயர் ஆனப்புறம் யாரு வர்றா?"

"எனக்கு ஆளே வேண்டாம். இன்று மழை வருமென்று தலைமை அலுவலகத்துக்கு நான்கு முறை அனுப்பிவிட்டேன்," என்றது கருவி பெருமையாக.

வேலிக்கு அப்பால் ஸ்பிரேயர் உறுமத் தொடங்கியது. மழைமானிக்குள் முதல் துளி டொக்கென்று விழுந்தது.

கருவி தயங்கித் தயங்கிக் கேட்டது: "அந்த அக்கா எப்படிக் கத்துவாங்க?"