பின்சீட்டு வேலுச்சாமி

"நீ பின்னால ஏறிக்கடா வேலு. செல்விக்கு மலை ஏறுனா குமட்டும், முன்னாடிதான் உக்காரணும்."

சொல்லிவிட்டு, தங்கபாண்டி அவளுக்கு ஜீப்பின் கதவைத் திறந்துவிட்டான். பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அவனும் வேலுச்சாமியும் போடிமெட்டுக்கு எத்தனையோ தடவை ஜீப்பில் ஏறியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் வேலுச்சாமிக்கும் குமட்டத்தான் செய்தது. யாரும் கதவைத் திறந்துவிட்டதில்லை.

பின்பக்கம் உர மூட்டை, அதன் மேல் ஒரு கோழிக்கூடை, அதற்குப் பக்கத்தில் வேலுச்சாமி. ஒவ்வொரு வளைவிலும் கோழி அவனைப் பார்த்தது. அவனும் கோழியைப் பார்த்தான். இரண்டு பேரையும் யாரும் சம்மதம் கேட்டு ஏற்றவில்லை.

தமிழ்செல்வி வந்த பிறகு அவனுக்குப் புதுப் புது வேலைகள். போட்டோ எடுப்பது, பை தூக்குவது, இருவரும் ரகசியம் பேசும்போது சட்டென்று மலையழகில் மூழ்கிப்போவது. கடைசி வேலையில் நன்றாகத் தேறிவிட்டான். போடிமெட்டில் அவன் உற்றுப் பார்க்காத மரம் பாக்கியில்லை.

ஜீப்பை விட்டு இறங்கியதும் தங்கபாண்டி அவனை ஓரமாக இழுத்தான்.

"டேய், செல்வி வீட்டுல விசயம் தெரிஞ்சிருச்சு. அவுக அப்பா என்னையப் பத்தி ஆள் விட்டு விசாரிக்கிறாராம். யாராச்சும் வந்து கேட்டா பாத்துப் பேசு. நீ சொல்றதுலதான் எல்லாமே இருக்கு."

"என்னன்னு பேச?"

"நல்லவன்னு பேசு."

"ஞாயித்துக்கெழம அதுவுமா பொய் சொல்லச் சொல்ற."

"ஒதைபடுவ. இங்கனயே டீ குடிச்சுட்டு இரு, வெரசா வந்துர்றோம்."

தங்கபாண்டியும் செல்வியும் மூடுபனிக்குள் போய் மறைந்தார்கள். வேலுச்சாமி டீக்கடை பெஞ்சில் பையைக் காவல் காத்தான்.

"தம்பி, கூட வந்த பையன் உன் கூட்டாளியா?"

எதிர் பெஞ்சில் ஒரு நடுத்தர வயது அம்மாள். குடையைத் தரையில் ஊன்றி, அதன் மேல் இரண்டு கையையும் வைத்து, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலுச்சாமி டீ கிளாஸைக் கீழே வைத்தான். ஆள் வந்தாச்சு!

"ஆமாத்தா."

"எப்படி, நல்ல பையனா?"

'சுமார்தான்' என்று லேசாக இழுத்தால் போதும். காரியம் முடிந்துவிடும். அடுத்த வாரமே முன்சீட்டு, பழைய தங்கபாண்டி, பழைய அரட்டை. கோழிக்கும் அவனுக்கும் இனி ஒரு பேச்சும் இல்லை. வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தேவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பனிக்குள்ளிருந்து தங்கபாண்டியின் சிரிப்பு கேட்டது. இத்தனை வருடப் பழக்கத்தில் அவன் இப்படி மனசு விட்டுச் சிரித்து வேலுச்சாமி கேட்டதில்லை. பாழாய்ப்போன நாக்கு அப்படியே புரண்டுவிட்டது.

"அவனை மாதிரி ஒரு பயலை போடி பூரா சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காதுத்தா."

"சிகரெட்டு குடிக்கிறதாச் சொன்னாகளே?"

"அவனா? அது நானு. அவன் சட்டையில வாடை அடிச்சா அதுவும் என் புகைதான்."

"திருவிழாவுல ஒருத்தன் மூக்கை ஒடைச்சானாமே?"

"ஒடைச்சது நானு. அவன் வெலக்கிவிட வந்தவன். அடிபட்டவனுக்குத் தண்ணி குடுத்ததே அவன்தான்."

"ஏலக்காய்க் கடையில மொதலாளியையே எதுத்துப் பேசுறானாம்?"

"வாய்த்துடுக்கு எனக்குத்தான் ஆத்தா. எனக்கும் சேத்து அவன் போயி மன்னிப்புக் கேட்டுட்டு வருவான்."

அவள் அடுத்த கேள்விக்கு யோசித்தாள். வேலுச்சாமிக்கு அதற்குள் வேகம் வந்துவிட்டது.

"குடிக்கிறதைப் பத்திக் கேக்காம விட்டுட்டீகளே. அதுவும் நான்தான்."

"அப்ப உன்கிட்ட நல்லதுன்னு சொல்ல ஒண்ணுமே இல்லையா?"

"அவன் கூட்டாளிங்கிறது ஒண்ணு இருக்குல்ல?"

அம்மாள் கடை அதிரச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு குடையோடு எழுந்தாள்.

"எனக்குப் பையனைப் பிடிச்சிருக்கு. தை மாசமே கல்யாணத்தை வச்சுக்கிருவோம்."

வேலுச்சாமி பெஞ்சை விட்டுத் துள்ளி எழுந்தான். ஜெயித்துவிட்டான்! ஆயுசுக்கும் பின்சீட்டு என்றாலும் பரவாயில்லை, கோழியோடு சமாதானமாகப் போய்க்கொள்ளலாம்.

"அப்ப தமிழ்செல்வி அப்பாகிட்ட நீங்களே சொல்லிருவீகளா ஆத்தா?"

"தமிழ்செல்வியா? அது யாரு? உன் கூட்டாளி கட்டிக்கப் போற புள்ளையா? வேணும்னா அவுக வீட்டுலயும் நான் வந்து பேசுறேன்" என்றவள், திகைத்து நின்றவனின் தோளில் தட்டினாள்.

"நான் ராசிங்காபுரம் மாயக்கா. என் மக வீரலட்சுமிக்குன்னு உங்கம்மா உன் ஜாதகத்தைத்தான் குடுத்து விட்டிருக்காக. பீடியைக்கூடத் தொடாதவன், வாயில்லாப் பூச்சின்னு உன்னையப் பத்தி ஊர் பூரா விசாரிச்சு முடிச்சுட்டேன். கூட இருக்கிறவுகளை விட்டுக்குடுப்பியா மாட்டியாங்கிறதை மட்டும் ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல, அதான் உன்கிட்டயே கேக்கலாம்னு மலை ஏறி வந்தேன்!"